நீ முறுக்கிவிட்டுப் போன வயர்

அண்ணே,

நீ காரின் முன் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போன நீல லைட் இன்னும் எரிகிறது. சாவியைத் திருப்பினால் போதும், பட்டப்பகலிலும் எரியும். பின் சீட்டில் அம்மா என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும்போது எனக்குப் பார்க்க வேறு ஒன்றும் இருக்காது. ஜன்னலைப் பார்த்தால் கண் கூசும், குனிந்தால் அம்மாவின் முகம். அதனால் கீழே மிதியடிமேல் விழுந்து கிடக்கும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். மெயின் ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற விலக்குக்குப் போகிற ரோட்டில் வண்டி திக்க ஆரம்பித்தபோதெல்லாம், ஒவ்வொரு திக்கலுக்கும் அந்த வெளிச்சம் அணைந்து எரிந்தது. குலுக்கல் உடம்புக்குத் தெரியும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. நான் முதலில் கவனித்தது அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அம்மா. புதன்கிழமை மத்தியானம், ஃபேனுக்கு நேர் கீழே பாயில் படுத்துக்கொண்டு, "ஏட்டி, ஒரு தாள எடு. எம்மவனுக்கு எழுதணும். நான் சொல்லச் சொல்ல எழுது" என்றாள். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதச் சொன்னாள். வெயிலில் அலையாதே, கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே, சாப்பிடும்போது செல்லை நோண்டாதே என்று எழுதச் சொன்னாள். எங்கே வேலை பார்த்தாலும் சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வை, இங்கே போட்டுவிட்டு எழுந்ததுபோல அங்கேயும் எழுந்து போகாதே என்றாள். "அப்பா சொன்னத மனசுல வச்சிக்கிடாதன்னு எழுது. அவிய வாய்தான் அப்படி." பிறகு ஃபேனைப் பார்த்தபடியே, "போதும். இப்படிக்கு அம்மான்னு போட்டு மடிச்சிரு" என்றாள். நான் மடிக்கவில்லை. நன்றாக இருக்கிறோம் என்கிற முதல் வரியிலேயே எனக்குக் கை ஓடவில்லை. அம்மா சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். மீதியை நானே எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுதுவது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. நீ திருப்பூரில் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். ஓசூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் பார்த்ததாக இன்னொருவர் சொல்கிறார். உன் பழைய நம்பருக்கு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் இதைச் செல் கடை வைத்திருக்கிற உன் சிநேகிதனிடம் கொடுத்து, அவனால் நெட்டில் எங்கெல்லாம் போட முடியுமோ அங்கெல்லாம் போடச் சொல்லப்போகிறேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிற நான், ஊரெல்லாம் படிக்கட்டும் என்று எழுதுகிறேன் என்றால், வேறு வழி இல்லை என்று புரிந்துகொள். படிக்கிறவர்களில் யாருக்காவது உன்னைத் தெரிந்திருந்தால் இதை மட்டும் சொன்னால் போதும்: அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் கோவில்பட்டிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நீதானே முதலில் கூட்டிப் போனாய். இந்தச் செவ்வாய் அவள் போகவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறாள். ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்று கேட்டதற்கு வண்டியைத்தான் கை காட்டினாள். "அது சரியாகட்டும். சரியாயிட்டுன்னா வாரேன்" என்றாள். சொல்லும்போது சிரிக்கக்கூடச் செய்தாள். அது சரியாகவே ஆகாது என்று அவள் நம்பினாள், அண்ணே. அந்த நம்பிக்கையில்தான் சிரித்தாள்.

அந்த வண்டியை நீ செய்து கொண்டுவந்து நிறுத்திய நாள் எனக்கு நினைவிருக்கிறது. பழைய பெட்ரோல் வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தாய். சைலன்சரை மாற்றியிருந்தாய், தெருமுனையில் வரும்போதே நம் வீட்டுப் பாத்திரம் அதிரும். டிக்கியில் கேஸ் டேங்க், அதன் மேல் பாட்டுப் பெட்டி, உள்ளே நீல லைட். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏலே, இதுல ஆளு எங்கன உக்கார?" என்று கேட்டார். நீ பின் கதவைத் திறந்து, "அம்மா, நீ உக்காரு" என்றாய். அப்போது அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. பிறகுதான் கிட்னி கெட்டு எல்லாம் வந்தது. இடது மணிக்கட்டில் ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்தபோது நீதான் கூட இருந்தாய். தையல் பிரித்த பிறகு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கணும், உள்ளே விர்ரென்று ஓட்டம் தெரியணும், தினமும் காலையில் பார்க்கணும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். நீதான் முதலில் வைத்துப் பார்த்தாய். "அம்மா, உன் கைக்குள்ள இன்ஜின் ஓடுதும்மா" என்றாய். அம்மா அந்த வலியிலும் சிரித்தாள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் காலையில் நான் விரலை வைக்கும்போது, "இன்ஜின் ஓடுதாட்டி?" என்றுதான் கேட்பாள். "ஓடுதும்மா" என்பேன். நீ போன பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

வண்டி முதலில் திக்கியது உன் கையில்தான். கொஞ்சமாகத்தான் திக்கியது. நீ பெட்ரோலில் மாற்றிப் பார்த்தாய், கேஸில் மாற்றிப் பார்த்தாய், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் நாளெல்லாம் குனிந்தே நின்றாய். ஒரு வெள்ளிக்கிழமை விலக்குக்குப் பக்கத்தில் நின்றே போயிற்று. தள்ளிக்கொண்டு வந்தாய். அப்பா தெருவில் எல்லாரும் நிற்கும்போது, "உன் ஆத்தாளக் கொல்லத்தான் இந்த வண்டியச் செஞ்சியாலே?" என்றார். நீ கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய், பெட்டியைப் பரணில் ஏற்றினாய், குளித்தாய், சாப்பிட்டாய். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாய். அப்பா அன்று சாயங்காலம் வரை நீ கோவில்பட்டிக்குச் சாமான் வாங்கப் போயிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். யாரோ கேட்டதற்கு, "பிளக்கு வாங்கப் போயிருக்கான்" என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பாதான் ஓட்டுகிறார். டிராக்டர் ஓட்டிப் பழகிய கை. நம் ஊருக்கு வருகிற பஸ் நேரம் ஆஸ்பத்திரி நேரத்துக்கு ஒத்து வராது. சுத்தம் செய்து முடித்த பிறகு அம்மாவால் பஸ்ஸில் நிற்கவும் முடியாது. வாடகைக் கார் ஒரு தடவை கூப்பிடலாம், வாரா வாரம் நடக்கிற காரியம் இல்லை. அதனால் இந்த வண்டியைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று அப்பா அலைந்தார். புதூரில் பிளக்கைத் துடைத்துப் போட்டார்கள். கயத்தாற்றில் லாரிக்கெல்லாம் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் பாட்டரியைப் பார்த்தார். கோவில்பட்டியில் ஒரு மெக்கானிக், நல்ல மனுஷன், அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய் நின்றால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு வழிச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சாவியை நீட்டுவார். ஒரு திக்கல் இருக்காது.

"அண்ணாச்சி, பிளக்கு மாத்தியாச்சு, பிளக் வயரு மாத்தியாச்சு, காயிலும் மாத்தியாச்சு" என்று ஒருநாள் அவர் விரலை மடக்கினார். "கேஸ்ல போட்டாலும் மிஸ்ஸிங், பெட்ரோல்ல போட்டாலும் மிஸ்ஸிங்கிறீங்க. அப்ப எண்ணெயில குத்தமில்ல, கரண்டுலதான் குத்தம். அது வரைக்கும் சரி. ஆனா எங்கிட்ட வந்தா குதிரை கணக்கா ஓடுதே. நான் எதப் பிடிக்க?"

"எங்க ஊரு ரோட்டுக்கு வாங்க, காட்டுதேன்" என்றார் அப்பா.

"உங்க ஊரு ரோட்டுக்கு வந்தா என் வண்டியுமில்லா திக்கும்!" என்று சிரித்தார் அவர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கம்பெனில வந்த மாதிரியே இருந்தா, வயரு எங்கன ஏறி எங்கன இறங்குதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவேன். இது உங்க மவன் செஞ்ச வண்டி. உள்ள குருவிக்கூடு கணக்கா இருக்கு. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு போயிரும். எதோட எதக் கோத்திருக்கான்னு அவனுக்குத்தான் தெரியும். ஒரு போனப் போட்டுக் கேளுங்களேன்" என்றார்.

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அம்மாவுக்கு மிஷின் முடிந்து அழைத்து வந்து பின் சீட்டில் படுக்க வைத்திருந்தோம். நான் இறங்கிப் போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து அந்த லைட் விஷயத்தைக் காதில் சொன்னேன். அப்பா, "பிள்ள என்னமோ சொல்லுது. திக்கும்போதெல்லாம் உள்ள நீல லைட்டு அணையுதாம்" என்றார். மெக்கானிக், "அப்படியா தாயி? வா, காட்டு" என்று சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். லைட் அசையாமல் எரிந்தது. பஞ்சருக்கு பைக்கை விட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு ஆள், "லைட்டு பிள்ளையைப் பாத்துக் கண்ணடிச்சிருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். நான் திரும்பி வந்து அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "என்னட்டி அங்க சிரிப்பு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

கரிசலில் போட்ட ரோடு எப்படிக் கிடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். மழைக்கு மண் உப்புகிறது, வெயிலுக்கு வெடிக்கிறது, மேலே போட்ட தார் என்ன செய்யும்? அலை அலையாகக் கிடக்கிறது. நீ தாழ்த்திவிட்ட வண்டி ஒவ்வொரு மேட்டிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறும். அந்த ஆட்டத்தில்தான் திக்கியது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கோவில்பட்டியில் நன்றாக ஓடுகிற வண்டி நம் ஊர் எல்லைக்குள் வந்தால் திக்குகிறது. அது போதாதா அவருக்கு? நம் குலசாமி கோயிலுக்குப் போனார். பூசாரி திருநீறு தடவிய கறுப்புக் கயிறு கொடுத்தார். முதல் கயிற்றைக் கண்ணாடியில் கட்டினார். திக்கல் நிற்கவில்லை. மெக்கானிக் வயரில்தான் குற்றம் என்று சொன்ன பிறகு, அடுத்த கயிற்றை வயரிலேயே கட்டினார். உடம்பில் எங்கே நோவோ அங்கேதானே கட்டுவோம், கை சுளுக்கினால் கையில், கால் சுளுக்கினால் காலில். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, கொத்தாகத் தொங்கிய உன் வயர்களைச் சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கிற இரும்புக் கம்பியோடு இறுக்கிக் கட்டினார். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் கோயிலுக்குப் போனார், ஒவ்வொரு தடவையும் ஒரு கயிறு, முன்னதைவிட இறுக்கமாக.

போன வெள்ளிக்கிழமை வண்டி பாதி வழியில் முழுக்க நின்றுவிட்டது. விலக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் உழுது போட்ட வெறும் கரிசல், அனல் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அம்மாவை இறக்கி ஒரு வேலிக்கருவை நிழலில் உட்கார வைத்தோம். அது நிழலா? ஓட்டை ஓட்டையாக வெயில் விழுந்தது. அப்பா மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், திறந்து பார்த்தார். செல்லில் சிக்னல் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, "என்ன அண்ணாச்சி, எங்க ஆட்டயே முந்த மாட்டேங்குது உங்க காரு?" என்று கேலி பேசிக்கொண்டே வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். தோளில் தொங்கிய பாட்டிலைத் திறந்து, "குடிங்க தாயி" என்று நீட்டினார். அம்மாவுக்குத் தண்ணீர் அளவுதான், அன்றைக்குரியது ஏற்கெனவே முடிந்துவிட்டது. அவள் பாட்டிலை வாங்கி, மூடியில் கொஞ்சம் ஊற்றி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். "குடிக்கக் கூடாதுய்யா. கிடைக்காத ஊருல பொறந்துட்டு, கிடைக்கும்போதும் குடிக்கக் கூடாது" என்றாள். அந்த மனிதர் ஆடுகளை விட்டுவிட்டு அப்பாவோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார். அது புறப்படவில்லை.

ஒரு குட்டியானை லோடு வண்டி அந்தப் பக்கமாக வந்து எங்களைத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டது. ஆஸ்பத்திரியில் அவளுடைய நேரம் போய்விட்டது. அன்று சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போய் இரண்டு கயிறு வாங்கி வந்தார். ஒன்று வண்டிக்கு. இன்னொன்றை அம்மாவின் இடது கையில், ஆபரேஷன் செய்த அதே மணிக்கட்டில் கட்டினார். சனிக்கிழமை அதே குட்டியானையில் பின்னால் பாய் விரித்து அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். நர்ஸம்மா கையைப் பார்த்ததும் பதறிவிட்டார். "யாரு கட்டுனது? இந்தக் கையில வளையல்கூடப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல? இறுக்குனா ஓட்டம் நின்னு போகும். அப்புறம் ஊசி போட இடம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே கத்திரியை எடுத்து வெட்டினார். வெட்டிய கயிற்றைக் குப்பையில் போடாமல் அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பையை எடுத்து வைத்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. "குட்டியானையச் சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா. "நான் என்ன பருத்தி மூட்டையா, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு?" என்றாள் அம்மா. "அப்ப எப்படித்தான் போகணுங்குத?" என்றார். "எம்மவன் எனக்குன்னு கதவத் திறந்துவிட்ட வண்டி நிக்கில்லா. அதுல வாரேன். அது சரியாகட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நேற்று மத்தியானம் அப்பா வெளியே போயிருந்தபோது நான் வண்டிக்குள் போய், முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் மல்லாக்கப் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். சாவியைத் திருப்பி வைத்திருந்தேன், என் முகமெல்லாம் நீலமாக இருந்திருக்கும். எனக்கு வண்டி வேலை தெரியாது. தெரிந்தது அந்த லைட் ஒன்றுதான். ஒவ்வொரு வயராகப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அப்பா கட்டிய கயிறுகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஒன்றின் மேல் ஒன்றாக, திருநீறு வாசனையோடு, மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தன. அதைத் தொட்டேன், லைட் அணைந்தது. விட்டேன், எரிந்தது. எனக்கு நர்ஸம்மா சொன்னது நினைவு வந்தது.

"ஏட்டி, அங்கன என்ன செய்யுத?" என்று அப்பாவின் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே என் கால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "லைட்டப் பாருங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தொட்டேன். அணைந்தது. விட்டேன். தொட்டேன். அப்பா குனிந்து, வண்டிக் கதவுச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வெளிய வா. உள்ள போயி அந்தக் கத்திரிய எடுத்துட்டு வா" என்றார்.

அவரே வெட்டினார். நான் செல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கயிறாக வெட்டி ஒவ்வொன்றையும் சட்டைப் பையில் வைத்தார். கொத்து தளர்ந்து கீழே இறங்கியது. உள்ளே ஒரு தடித்த வயரின் நடுவில் நீ கறுப்பு டேப் சுற்றிய இடம் தெரிந்தது. சாவியிலிருந்து இன்ஜின் காயிலுக்குப் போகிற வயர் அதுதான் என்றார் அப்பா. அதை அறுத்து, உன் லைட்டுக்கு ஒரு வயரைச் சேர்த்து முறுக்கி, டேப் போட்டிருக்கிறாய். டேப்பைப் பிரித்ததும் முறுக்கல் முக்கால்வாசி பிரிந்து, இரண்டு மூன்று இழையில் தொட்டுக்கொண்டு நின்றது. செம்பு கறுத்திருந்தது. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அவன் முறுக்குனது கொஞ்சந்தான் தளந்திருக்கு" என்றார். பிறகு, "மிச்சத்த நான் இழுத்திருக்கேன்" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, அந்த வயரிடம் சொன்னார்.

பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கினோம். ஸ்பேனரெல்லாம் நீ துடைத்து வைத்தபடியே இருந்தன. அப்பா வயரைக் கத்தியால் சுரண்டி, பளபளவென்று ஆன பிறகு, குறட்டால் பிடித்து முறுக்கி, உன் டேப்பையே சுற்றினார். கயிறு கட்டவில்லை. வண்டியை எடுத்தோம். நான் பின் சீட்டில் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, மடியில் யாரும் இல்லாமல், கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். விலக்கு வரைக்கும் போய்த் திரும்பினோம். மேடு மேடாக ஏறி இறங்கியது, வயிறு தேய்ந்தது, லைட் ஒரு தடவைகூட அணையவில்லை. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எரியுதா?" என்றார். "எரியுதுப்பா." "இப்ப?" "எரியுது." ஊர் வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அம்மாவிடம் போய், "வண்டி சரியாயிட்டும்மா" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா, தெரியவில்லை. சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள், உன் சைலன்சர் சத்தம் யாருக்குக் கேட்காது? அவள் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பு போய்விட்டது. பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை நான் பிடுங்கிவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா. வாரேன்னு சொன்னேல்லா?" என்றேன். "எதுக்குட்டி?" என்றாள். "ஊசியையும் மிஷினையும் பாத்துட்டு வந்து இதே சுவத்தப் பாக்கதுக்கா? நீ பள்ளிக்கூடத்த விட்டுட்டு எனக்கு வாந்திப் பீங்கானத் தூக்கிட்டு நிக்கதுக்கா?" என்றாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் எந்த வயர் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு லைட்டாவது காட்டியது. அவளுக்குள் எது விட்டுப்போயிருக்கிறது என்று எதைப் பார்த்துச் சொல்வது?

இல்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா சொன்னால் அவள் ஏற மாட்டாள், நான் சொன்னாலும் ஏற மாட்டாள். நீ ஒரு தடவை போன் பண்ணி, "அம்மா, இன்ஜின் ஓடுதா?" என்று கேட்டால் ஏறிவிடுவாள். நீ வர வேண்டாம். அப்பாவோடு பேச வேண்டாம். உன் விலாசம்கூட வேண்டாம். அந்த ஒரு கேள்வி போதும். ஆனால் இது உன் கைக்கு வந்து சேரும்போது எத்தனை வெள்ளி போயிருக்குமோ, நீ கூப்பிடும்போது எடுக்க அவள் இருப்பாளோ, அதை நினைத்தால் இதை எழுதுவதே வீண் என்று தோன்றுகிறது. வீண் என்றாலும் எழுதுகிறேன். உன் முறுக்கல் கொஞ்சம்தான் தளர்ந்திருந்தது, மிச்சம் நீ செய்ததில்லை என்றாவது உனக்குத் தெரிய வேண்டும். அப்பா அந்தக் கயிறுகளை இன்னும் பையிலேயே வைத்திருக்கிறார்.

இப்போது விடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை. அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியோடு வாசலில் நிற்கிறார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்தேன். இன்று அவள் கேட்கவில்லை. நானே, "ஓடுதும்மா" என்றேன். சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். வெளியே போய் வண்டியின் பின் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டுபோய், அவள் கால் வைத்து ஏறுகிற இடத்தில், முன்புறம் வண்டியைப் பார்க்கிறாற்போல வைத்தேன்.